கல்கிசை கமலாவின் கேள்வி

— எல்லாரும் வந்தாச்சோ எண்டு பாப்பம். மேசையில லப்டொப், அது நான், வெள்ளவத்தைக் கார்த்திகன். குளிர்பெட்டிக்கு மேல பழைய டெப்லட், அது முகத்துவாரம் முருகேசு. பல்கனிக் கதிரையில உம்மட போன், அது கல்கிசை கமலா. ரெண்டும் நான் திறந்த கள்ளக் கணக்கு.

— பல்கனிக் கதிரையில நானும் இருக்கிறன், கண்டியளோ?

— உமக்குக் கேள்வி-பதில் தளத்தில கணக்கில்லை, சாமினி. கட்டின மனுசியைச் சபையில சேர்க்கேலாது.

— கமலா ஒரு கேள்வி போட்டிருக்கிறா. வாசியுங்கோ.

— வாசிக்க நேரமில்லை. முதல் பதிலுக்குப் பத்துப் புள்ளி. அதையே சிறந்த பதில் எண்டு கமலா தெரிவு செய்தால் இன்னும் முப்பது. இண்டைக்கே எனக்கு ‘ஆசான்’ பட்டம்!

— இது நீங்கள் சொல்லித் தந்த கேள்வி இல்லை. நானா எழுதினது.

— நல்ல முன்னேற்றம்! முருகேசு கேக்கிற கேள்வியெல்லாம், கறையான் அரிச்ச கதவு வரைக்கும், நான்தானே யோசிச்சுக் குடுக்கிறன். சரி, சுருக்கமாச் சொல்லும்.

— கமலாவுக்கு வெளியூரில ஆய்வுகூட வேலை கிடைச்சிருக்கு. விண்ணப்பம் போட்ட அண்டே புருசன் பகிடி பண்ணினவர். கேட்டால் விடமாட்டார். கையெழுத்து வைச்ச கடிதம் வெள்ளிக்கிழமைக்குள்ள போகாட்டி வேலை வேற ஆளுக்கு. என்ன செய்ய?

— அட, கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கேளும்: “அன்புச் சகோதரி, படித்த படிப்பை அலுமாரிக்குள் பூட்டாதீர்கள். கணவரிடம் அனுமதி கேட்க வேண்டாம். முடிவைச் சொன்னால் போதும். கடிதத்தை இன்றே ஒட்டி அனுப்புங்கள். அன்புள்ள மனிதர் தடுக்க மாட்டார்.” எப்பிடி?

— கடைசி வரி மெய்யாவே உங்கடையோ?

— பின்ன ஆரின்ர? நெஞ்சில இருந்து வந்தது. முருகேசு வோட்டுப் போட்டிட்டார்.

— முன்பின் தெரியாத ஆக்களும் போடுகினம்.

— பாத்தீரோ! இதுக்கு முருகேசுவே தேவையில்லை.

— கோந்து எங்க?

— மேசை லாச்சிக்குள்ள. இப்ப என்னத்துக்கு?

— ஒரு கடித உறை ஒட்ட. கீழ்வீட்டு பஹ்மிதா தபால் கந்தோருக்குப் போறா... பஹ்மிதா! கொஞ்சம் நில்லுங்கோ, கூடை இறக்கிறன்!

— கயிறு கவனம். போனமுறை மீன்காரற்ற தலையில விட்டனீர்.

— இறக்குங்க, சாமினி! மழ வரப்போவுது!

— பதிவுத் தபால், பஹ்மிதா! மறந்திடாதேங்கோ!

— மறப்பேனா? இந்தா, கையிலயே வச்சிருக்கேன். போய்ட்டு வாறேன்!

— கத்தினது காணும், உள்ளுக்கு வாரும். கமலா இன்னும் சிறந்த பதிலைத் தெரிவு செய்யேல்லை.

— இந்தாங்கோ, அமத்திறன்.

— வந்திட்டுது! ஆசான்! சாமினி, நான் ஆசான்! இனி என்ர பதிலுக்கு எதிர்ப்பேச்சில்லை! அதுசரி, கடிதம் ஆருக்கு?

— திருகோணமலைக்கு, ஆசான். ஒண்டாம் திகதி எனக்கு அங்க வேலை துவங்குது.