அவசரமென்றால் டென்வரைக் கூப்பிடு

நாய் ஒன்றும் செய்யாது, உள்ளே வாருங்கள். அதற்கு வயதாகிவிட்டது. குரைப்பதெல்லாம் பழக்கதோஷம். அந்தப் பழைய பேப்பர்களைத் தள்ளிவிட்டு உட்காருங்கள். காபி இப்போதுதான் இறக்கினேன்.

மலைச்சாலை முழுக்க உங்கள் முகத்தைத் தேர்தல் அட்டையில் பார்த்துவிட்டேன். நேரில் இளைத்துத் தெரிகிறீர்கள். வீடு வீடாக ஏறி இறங்கினால் அப்படித்தான். போன தடவை லோர்னா ஹெஸ் நின்றபோது அவளும் இப்படித்தான் இளைத்துப் போனாள். இப்போது அவள் இடத்துக்கே நீங்கள் நிற்கிறீர்கள். அவளை ஜெயிக்க வைத்தவன் இந்த டென்வர் ஸ்டம்ப்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பதவியில் இருந்தவரை விட்டுவிட்டு, சொந்தக் கட்சியிலேயே எதிர்த்து நின்ற ஒருத்தியை ஏன் ஆதரித்தீர்கள் என்று வாசலிலேயே கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இந்தத் தொகுதியில் நவம்பர் தேர்தல் வெறும் சம்பிரதாயம் என்று உங்களுக்குத் தெரியும். மே மாதம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நம் கட்சிக்குள் நடக்கிற ஓட்டெடுப்பில் யார் ஜெயிக்கிறாரோ அவர்தான் மாநில சபைக்குப் போகப் போகிறவர். மே மாதத்தை விட்டால் அடுத்த இரண்டு வருஷம் புலம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்போது பதவியில் இருந்த ராய்ஸ் டேகெட்டை எதிர்த்து, லோர்னா வரும்வரை, எந்த மே மாதமும் யாரும் நின்றதில்லை. என் தலைமுடி நரைத்ததே அவர் பதவிக்காலத்தில்தான்.

டேகெட் கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முழுசாகச் சுட்ட பன்றித்தொடை ஒன்றை ஈயத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் மனைவி மேலே கிராம்பு குத்தி, பழுப்புச் சர்க்கரை தடவிச் சுடுவாள். அருமையாக இருக்கும். என் அப்பா செத்தபோது வந்ததை நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு மனுஷனுடைய பன்றித்தொடையைத் துக்க வீட்டில் வைத்துச் சாப்பிட்டுவிட்டால், பிறகு அவனுக்கு எதிராக ஓட்டுப்போடக் கை வராது. எங்கள் ஆட்கள் அப்படி.

அந்த டேகெட்தான் எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடும் மசோதாவுக்குக் கை தூக்கினார். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். மூடிய பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் மாவட்டத் தலைநகரிலிருந்துதான் வண்டி வர வேண்டும். நிலக்கரி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம். அதற்குள் யார் காத்திருப்பார்கள்?

காத்திருக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் கதை. இங்கே யாருக்கும் அவசர எண்ணைக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. கூப்பிட்டால் எங்கோ இருக்கிற ஒரு பெண் தெருப்பெயர் கேட்பாள். தெருக்களுக்கு மாவட்டம் வைத்த பெயர் எங்களுக்கே தெரியாது. "கிஸ்னர் வீட்டுக்கு மேலே, பழைய பாலத்துக்கு இந்தப் பக்கம்" என்றால் அவளுக்குப் புரியாது. ஆகவே என் வீட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். நிலையம் இருந்தபோதும் அப்படித்தான், மூடிய பிறகும் அப்படித்தான். தன்னார்வத் தீயணைப்புக் குழு கொடுத்த மருந்துப் பை என் வாசலிலேயே இருக்கும். தூக்கிக்கொண்டு என் வண்டியில் ஓடுவேன். மூச்சு முட்டியவர்கள், சர்க்கரை இறங்கியவர்கள், ரம்பத்தில் கை வைத்தவர்கள் என்று நிறையப் பேர். ஒருவரையும் நான் இழக்கவில்லை. இதில் கொஞ்சம் பெருமை உண்டு எனக்கு, மறைக்கவில்லை.

லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டியவள், நல்ல குரல், துணிச்சல்காரி. ஆம்புலன்ஸ் ஒன்றைத்தான் பேசினாள். போகிற வீட்டிலெல்லாம் தலையாட்டினார்கள். ஓட்டு யாருக்கு என்றால், "ராய்ஸ் எங்க அப்பா சாவுக்கு வந்தாரும்மா" என்றார்கள்.

ஏப்ரலில் தீயணைப்பு மண்டபத்தில் காட்டுப்பூண்டு விருந்து நடக்கும். நீங்களும் வந்திருப்பீர்கள். தின்ற பிறகு இரண்டு நாள் நாற்றத்தில் யாரும் யார் பக்கத்திலும் நிற்க முடியாது. அந்த வருஷ விருந்தில் டேகெட் ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தார். நானும் மெர்ல் கிஸ்னரும் ஒரே மேசையில் இருந்தோம். மெர்ல் எனக்குப் பக்கத்து வீடு, சின்ன வயதிலிருந்து கூட்டாளி. சீட்டாட்டத்தில் தோற்றால் சீட்டின்மேல் பழி போடுகிற ஆள். அவன் வீட்டு முன்னால் டேகெட்டின் அட்டை நின்றது.

லோர்னா எங்கள் மேசைக்கு வந்து, "மெர்ல், போன வருஷம் குளவி கொட்டினப்போ செத்துப் பொழைச்சீங்களே, ஞாபகம் இருக்கா? ஆம்புலன்ஸ் எங்க இருந்துச்சு?" என்றாள்.

மெர்ல் சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே என் தோளைத் தட்டினான். "இதோ உக்காந்து பூண்டு தின்னுட்டிருக்கே என் ஆம்புலன்ஸ்."

மேசை முழுக்கச் சிரித்தது. டேகெட்டும் கரண்டியோடு நின்று சிரித்தார்.

"வெளையாட்டில்ல மெர்ல்," என்றாள் லோர்னா. "அவருக்கும் வயசாகுது."

"வயசானா என்ன, மோந்து பாத்தே வந்துடுவான். ஏன்டா டென்வர், நீ இருக்கிறப்போ ஆம்புலன்ஸ் எதுக்குடா எங்களுக்கு?"

"அந்த அலர்ஜி ஊசி ஒண்ணு வாங்கி வீட்டுல வெச்சுக்கோன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்," என்றேன்.

"வெச்சிருந்தது கெட்டுப்போச்சு. புதுசு எதுக்கு, நீதான் இருக்கியே."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சு மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் சொன்னதில் தப்பே இல்லை. டேகெட் தோண்டிய குழியை நான் தினமும் என் உடம்பால் மூடிக்கொண்டிருந்தேன். நான் ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் டேகெட்டுக்கு விழுகிற ஒரு ஓட்டு. நான் இருக்கும்வரை இந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் இல்லை என்பதே யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் செத்த மறுநாள் தெரியும். அப்போது ஒருவர் இல்லை, வரிசையாகப் போவார்கள். கணக்கு அவ்வளவு எளிமையானது. நீங்கள் படித்தவர், உங்களுக்கு நான் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

மே மாதம் முதல் ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். மெர்லின் மனைவி ஓபல் போன் செய்தாள்.

"டென்வர், டிராக்டர் சீட்டுக்கு அடியில குளவிக் கூடு இருந்திருக்கு. இவருக்குக் கொட்டிடுச்சு. முகம் வீங்குது."

"வரேன் ஓபல். வேற யாருக்கும் போன் பண்ணாத. மாவட்டத்துக்கு நானே சொல்லிடறேன்."

சொன்னபடி செய்தேன். மாவட்டத்தைக் கூப்பிட்டு, வண்டி ஓட்டிய நாளில் கற்றுக்கொண்ட தெருப்பெயர் உட்பட எல்லாம் சரியாகச் சொன்னேன். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள், பதிவாகியிருக்கும். அப்புறம் மருந்துப் பையைத் திறந்து அலர்ஜி ஊசி இரண்டையும் எடுத்து, அதோ உங்கள் தலைக்கு மேலே இருக்கிறதே, அந்த அலமாரியில் வைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓடவில்லை, நடந்தேன். பக்கத்து வீடுதானே.

நான் மெர்லை ஒன்றும் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். டேகெட் இந்தப் பள்ளத்தாக்கை எப்படி விட்டுவைத்திருந்தாரோ, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை அப்படியே இருக்க விட்டேன். அவ்வளவுதான். டேகெட் அட்டை நிற்கிற வீடு என்பதும் என் மனதில் இருந்தது. லோர்னாவின் ஆட்கள் வீட்டில் நடந்தால் அரசியல் என்று பேசுவார்கள்.

மெர்ல் புல்தரையில் உட்கார்ந்து டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் தோள்கள் தளர்ந்தன. நிம்மதி. பேச்சு வரவில்லை அவனுக்கு. பையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், திரும்பவும் பையைப் பார்த்தான்.

"ஊசி எங்க டென்வர்?" என்றாள் ஓபல்.

"தீந்துபோச்சு ஓபல். நெலையத்த மூடினதுலேர்ந்து சரியா அனுப்பறதில்ல. வண்டி வந்துட்டிருக்கு."

அவனை நிமிர்த்தி உட்கார வைத்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன், தைரியம் சொன்னேன். எனக்கு அவன்மேல் பிரியம் அதிகம். அவன் என் கையை விடவே இல்லை. ஓபல் சாலை வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடி வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. அவள் சாலைக்கு ஓடியபோதெல்லாம் மெர்ல் என்னையே பார்த்தான். அலமாரி அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் எழுந்து போயிருக்கலாம். ஒரு தடவை எழுந்தும் நின்றேன். பிறகு, இவ்வளவு தூரம் வந்தபின் பாதியில் விட்டால் அவன் பட்டதெல்லாம் வீணாகிவிடுமே என்று உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நான் எழுந்தே இருந்திருக்கக் கூடாது. அவனுக்கு வீணாக நம்பிக்கை கொடுத்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாம். வந்த பையன்கள் நல்ல பையன்கள், அழுதுவிட்டார்கள். அப்போது வேலை ஒன்றும் மிச்சமில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் டேகெட் வந்தார். நான் ஓபலின் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அவளிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லியிருந்தேன். நிலையம் இருந்திருந்தால் மெர்ல் இருந்திருப்பான். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. டேகெட் ஈயத்தாள் சுற்றிய பன்றித்தொடையைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். "ஓபல், என்ன சொல்றதுன்னே தெரியல," என்றார்.

ஓபல் அதை வாங்கினாள். கனத்தை ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எங்களுக்கு வண்டிதான் ராய்ஸ் வேண்டியிருந்துச்சு," என்றாள். "கறி வேண்டியிருக்கல."

வாசல் முழுக்க ஆள் நின்றது. டேகெட் அந்தப் பன்றித்தொடையோடு திரும்பிக் காருக்கு நடந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு அதுதான். ஓபல் தன் கையாலேயே அவர் அட்டையைப் பிடுங்கிவிட்டு லோர்னாவின் அட்டையை நட்டாள். நான் சுத்தியல் எடுத்துக் கொடுத்தேன். லோர்னா கொஞ்ச வித்தியாசத்தில்தான் ஜெயித்தாள், ஆனால் ஜெயித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் தூக்கம் போய்விடும், பாவம்.

நீங்கள் காபியைத் தொடவே இல்லை. சர்க்கரை வேண்டுமா?

டேகெட் போன வருஷம் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு சுமார்தான்.

லோர்னா விஷயத்துக்கு வருகிறேன். மெர்ல் பெயரில் ஒரு மசோதா கொண்டுவருவேன் என்றாள். கொண்டும் வந்தாள். அது ஏதோ ஒரு குழுவில் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்டால், "பொறுங்க டென்வர், அங்க எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்," என்கிறாள். இப்போது சாவு வீடுகளுக்கு அவளும் வருகிறாள். பன்றித்தொடை இல்லை, வறுத்த கோழி. நிலையம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மெர்ல் செத்தது எதற்கு என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவனுக்கு அந்த மரியாதையை அவள் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு நல்ல மனுஷனின் சாவை இப்படி வீணடிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே, பதவியில் இருப்பவரை ஏன் எதிர்க்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் அப்போதும் இதுதான், இப்போதும் இதுதான். இருக்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. உங்களுக்கு என் ஆதரவு முழுசாக உண்டு, அட்டை ஒன்று கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இங்கே இன்னும் நிறையப் பேர் லோர்னா பக்கம்தான். ஓபலே அவள் அட்டையைத்தான் மறுபடி நட்டு வைத்திருக்கிறாள், வரும்போது பார்த்திருப்பீர்கள். எல்லோருக்கும் பிடித்தமானவள் ஓபல். குளிர்காலத்திலிருந்து அவளுக்கு நெஞ்சு வலி வந்து வந்து போகிறது. பயப்படுகிறாள், தனியாக இருக்கிறவள் அல்லவா. மாவட்டத்து எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். நான்தான் போன வாரம் அதைக் கிழித்துப் போட்டேன். மே மாதம் வரைக்கும் எந்த நேரமானாலும், எப்போது வலித்தாலும், முதலில் எனக்குப் போன் பண்ணு என்று சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்றிருக்கிறாள்.