கனம் ஏற்றினால் அதிர்வு குறையுமாம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜொகூர் பாருவில் முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அக்காளும் தம்பியும். அக்காள் தோளில் டென்னிஸ் மட்டைப் பை தொங்கியது.

“கை வலிக்குதுன்னு சொன்னா, மட்டையில ஈயப் பட்டை ஒட்டச் சொல்றியேடா. உனக்கு மூளை இருக்கா?”

“கனம் சேர்ந்தா மட்டை அதிராதுக்கா.”

“அலமாக், அடக் கடவுளே! யாரு சொன்னது?”

“என் மோட்டார் சைக்கிள்தான். ஹேண்டில் ரெண்டு முனையிலயும் இரும்புக் கட்டி இருக்குல்ல, அது எதுக்கு?”

“அழகுக்கு.”

“நானும் அப்படி நினைச்சுத்தான் ஒருதடவை கழட்டிப் போட்டேன். கூலாய் டவுனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு கையும் மரத்துப் போச்சு.”

அக்காள் முழங்கையைத் தடவிக்கொண்டே யோசித்தாள். “நாளைக்கு ஃபைனல்டா. பந்து பட்டவுடனே இங்க வரைக்கும் விண்ணுன்னு ஏறுது. இந்தத் தடவையும் பாதியில விட்டுட்டு வந்தா, அப்புறம் என்னை டீம்ல சேக்க மாட்டாங்க லா.”

“மட்டைத் தலையில ரெண்டு ஓரத்துலயும் மெல்லிசா ஒட்டிப் பாரு. பிடிக்கலன்னா பிச்சிடு.”

வரிசை நகர்ந்தது. அவள் தம்பி கையிலிருந்த தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

“சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். கடை மூடுறதுக்குள்ள நீ ஓடிப்போய் ஈயம் வாங்கிட்டு வா.”

நான் என் மகள் பிரசவத்துக்காக வேண்ட வந்தவன். அந்தப் பெண்ணின் பேர்கூடத் தெரியாது. ‘முருகா, முன்னால் நிற்கிற அந்த முழங்கையையும் பார்த்துக்கொள்’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.