நூறு ரூபாய் வெட்டு

"ஹலோ... ஹலோ, தம்பியா? அக்காதான்டா... ஆமா, ஆமா, டிவியில பார்த்தேன். நல்ல கட்டத்துல நர்ஸ் வந்து அணைச்சிட்டா. அப்புறம் என்ன ஆச்சு?"

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள் அக்கா. உள்ளே அவள் புருஷன், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினுக்காகக் காத்திருந்தார். ஊருக்கே இருந்தது இரண்டு. அதில் ஒன்று படுத்துவிட்டது. எதிர்க்கட்சி எம்.பி.யான தம்பி, இன்றைய பட்ஜெட் விவாதத்தில் புது மிஷின் கேட்டே தீருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

"அத்தானா? இருக்காரு. கால் வீங்கி செருப்பு நுழையல, மத்தபடி ராஜாதான்... அதை விடு. ஆஸ்பத்திரிக்குப் பணம் கூடக் கேக்கத்தானே எழுந்த? 'நூறு ரூபா குறைக்கணும்'னு ஏன்டா ஆரம்பிச்ச?... ஓகோ, வெட்டுத் தீர்மானமா? அதான் முறையா? குறைக்கச் சொன்னாத்தான் குறையைப் பேச விடுவாங்களா? பசிக்குதுன்னு சொல்ல, தட்டை எடுன்னு கத்தணுமாக்கும்! நல்ல சபைடா."

"சரி, ஓட்டுக்கு விட்டாங்க. வழக்கம்போலத் தோத்திருக்கும்... ம்... என்னது, ஜெயிச்சிடுச்சா?... ஆளுங்கட்சிக்காரங்களே 'ஆம்'னு கத்திட்டாங்களா? ஐயையோ! கொறடா எங்க போனாரு?... டீ குடிக்கவா! அவர் கண்ணைக் காட்டலன்னா எல்லாத்துக்கும் 'ஆம்'தானா? வரிவரியா அலசுறாங்கன்னு நானும் வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"சிரிக்காதடா... நூறு ரூபா வெட்டு ஜெயிச்சாலே அரசாங்கம் ராஜினாமா பண்ணணுமா? யாரு, நிதியமைச்சரா? உன் ரூமுக்கேவா?... மறு ஓட்டு வைக்க நீ சம்மதிக்கணுமாமா? கெஞ்சினாரா! அடி சக்கை!"

அண்டை வீட்டு நாய்க்குப் பயந்து அக்கா பின்னால் ஒளிந்த பயல், இன்றைக்கு அவன் வாசலில் நிதியமைச்சர்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"சொல்லுடா கண்ணு, என்ன கேட்ட?... உடனே குடுத்துட்டாரா? என்னது?... குழுத் தலைவர் பதவியா? எந்தக் குழு?... பட்ஜெட்டை ஆராயுற குழு. ம்... காரும் உண்டா? கொடி கட்டினதா? ரொம்ப சந்தோஷம். மறு ஓட்டுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாச்சா?... ஆமா, ஆமா, நாட்டுக்கு நல்லது. மிஷின்?... மிஷின்டா தம்பி..."

"...அடுத்த வருஷமா. தலைவரா உக்காந்து, நிதானமா ஆராய்ஞ்சு, அப்புறமா."

"இரு, வெச்சிடாத. அத்தான் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு வராரு. தம்பி என்ன சொன்னான்னு கேக்குறாரு. அடுத்த வருஷம் வரைக்கும் இருங்கன்னு நீயே உன் வாயால சொல்லிடு, இந்தா குடுக்கறேன்... ஹலோ?... ஹலோ?"