கொங்கண் எம்.பி.க்கு ஒரு பார்சல்

– இந்த அல்வா உங்களுக்கில்ல எம்.பி. சார். ஆபீஸ்ல இருக்கற புள்ளைங்களுக்கு.

– எனக்கு ஒரு துண்டுகூட இல்லியா சைதுன் அக்கா?

– எதுக்கு? வெளிநாட்டுலேந்து வர்ற முந்திரிக்கொட்டைக்குப் போட்ட புது வரிய மந்திரி நேத்து வாபஸ் வாங்கிட்டாரு. அல்ஹம்துலில்லா! இழுத்து மூட இருந்த என் கம்பெனி பொழச்சிது. அறுவது பொம்பளைங்க நாளைக்கும் வேலைக்கு வருவாங்க. இதுல வைத்திலிங்கம் எம்.பி. என்னா கிழிச்சாரு?

– அதான் வரி போயிடுச்சேக்கா. வுடுங்க.

– எப்புடி வுடறது? சிதம்பரத்துல நடந்த மீட்டிங்ல, "பார்லிமெண்ட உலுக்கிட்டு வர்றேன்"னு மைக்குல கத்துனது யாரு? என் கம்பெனிக்கு வந்து ரெண்டு மணி நேரம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டது யாரு? பட்ஜெட்டு விவாதத்துல எட்டு நிமிஷம் குடுத்தாங்க. டீசல் வெல, ரயில்வே கேட்டுன்னு எல்லாம் பேசுனீங்க. முந்திரின்னு ஒரு வார்த்த வரல! அத்தன பொம்பளைங்களும் டிவி முன்னால உக்காந்திருந்தாளுங்க. என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?

– நான் எதிர்க்கட்சிக்கா. நான் எழுந்து கேட்டா, குடுக்க நெனச்சதையும் குடுக்க மாட்டாங்க. எத்தன பட்ஜெட்டு பாத்துட்டேன்.

– அதுக்குன்னு வாய்க்குப் பூட்டா? மகாராஷ்டிராவுல, கொங்கண் பக்கத்து ஆளுங்கட்சி எம்.பி. ஒருத்தரு முந்திரிக்காகப் பேசுனாரே, அவுரு மனுஷன்! அவுரு அட்ரஸக் குடுங்க. பத்து கிலோ முழு முந்திரிப்பருப்பு பார்சல் அனுப்பணும்.

– தாராளமா அனுப்புங்க. அவுரு ஊர்லயும் முந்திரிதான்.

– சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?

– இந்த ஒரு மாசத்துல இன்னிக்கித்தான்க்கா சிரிக்கிறேன். நேத்து ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன்.

– ஒங்களுக்கென்ன, தூக்கத்துக்குக் கொறச்சலா! இருங்க, அவுரு பேசுனதக் கேட்டாத்தான் ஒறைக்கும். இந்தியில பேசுனாரு. மருமவ ஷாசியா தமிழ்ல எழுதி, இப்பத்தான் போனுக்கு அனுப்புனா. நானே இன்னும் முழுசாப் படிக்கல.

– வேணாங்க்கா. நான் அங்கதான இருந்தேன்.

– ஜாஸ்தி பேசாம கேளுங்க. "முந்திரித்தோல் எண்ணெய் பட்டுப் பட்டு, கைரேகையே அழிந்துபோன பெண்கள் இருக்கிறார்கள், ஐயா." பாருங்க, எப்புடித் தெரிஞ்சி வெச்சிருக்காரு!

– கேக்கறேன், கேக்கறேன்.

– "ரேஷன் கடை மெஷின் அப்படி ஓர் அம்மாவை அடையாளம் தெரியாது என்றது. அவர் அதைப் பார்த்துச் சொன்னார்: முப்பது வருஷம் முந்திரி உடைச்ச கை இது. உனக்குத் தெரியலன்னா நீ போய் உடைச்சிப் பாரு..."

– என்னக்கா, நிறுத்திட்டீங்க?

– இது... நம்ம கம்பெனி பட்டம்மாள் சொன்னதாச்சே. முதுநகர் ரேஷன் கடையில.

– அப்புடியா?

– கொங்கண்ல இருக்கறவருக்கு பட்டம்மாள எப்புடித் தெரியும்? நான் ஒருத்தர்கிட்டதான சொன்னேன்... தம்பி வைத்திலிங்கம்! அந்தப் பேச்ச எழுதுனது...

– மெதுவாக்கா. வெளியில எங்க கட்சிக்காரங்க உக்காந்திருக்காங்க.