பறித்த கையோடு

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. அடுத்த அறையில் உட்கார வைத்திருக்கிறீர்களே, தையற்காரர், அவருக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். என் தங்கையின் கணவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அவளை அவர் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் தோட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குடியிருப்புக்குப் பின்னால், முன்பு குப்பை கொட்டிய இடம். நான் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தக் குடியிருப்பின் வீட்டுக் கதவுகளைத் தட்டியிருக்கிறேன். மீட்டர் அந்தப் பக்கம் என்பதற்கு மேல் என்னிடம் ஒருவரும் பேசியதில்லை. பிறகு நானும் தங்கையும் குப்பையை வாரிப்போட்டு, சாணமும் சருகும் போட்டு, மண்ணை மண்ணாக்கினோம். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டு சம்பந்திகள் ஒரே பாத்தியில் களை எடுத்தார்கள். கணவரைப் பறிகொடுத்த நர்சம்மா அங்கே வந்துதான் மறுபடி சிரித்தார். எல்லோருக்கும் நான் 'தோட்டத்து அண்ணன்' ஆனேன். எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வாசலில் பலகை வைத்தது நான்தான். 'இங்கே மருந்து அடிப்பதில்லை. பறித்த கையோடு சாப்பிடலாம்.' காய் கழுவ ஒரு தொட்டிகூட நாங்கள் கட்டவில்லை. அது எங்களுக்குப் பெருமை.

இந்த முறை தக்காளியில் புழு விழுந்தது. வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல், எதற்கும் மசியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. ஓட்டை விழுந்த பழங்களைப் பறித்துப் புதைத்துவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்றத் தொலைவில் ஒரு கடையில் மருந்துப் புட்டி வாங்கினேன். புழு பிடிவாதக்காரப் புழு என்பதால் அளவைக் கூட்டித்தான் கலந்தேன். பிள்ளைகள் வருவதற்கு முதல் நாள் மாலை அடித்தேன். மறுநாள் அந்தப் பாத்தி பக்கம் யாரையும் விடக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

தங்கை எனக்கு முன்பே வந்துவிட்டாள். நான் போனபோது பிள்ளைகள் சுற்றி நிற்க, பழத்தைப் பறித்துப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணா, இந்தத் தடவை காய்ப்பு என்னமா இருக்கு பாரு" என்றாள். பக்கத்தில் சம்பந்திகள், நர்சம்மா, ஆசிரியர்கள். சாப்பிடாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நான் சிரித்தேன். அவள் இன்னொன்றைப் பறித்தாள். கூடையைப் பிள்ளைகள் பக்கம் அவள் நீட்டியபோது, பாத்திக்குள் பாம்பு போகிறது என்றேன். எல்லோரும் சிதறி ஓடினார்கள். ஒரு பிள்ளை வாயிலும் பழம் படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் வாயில் நுரை தள்ளி விழுந்தாள். மருத்துவமனையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பூச்சி மருந்து மாதிரி தெரியுது. என்ன மருந்துன்னு தெரிஞ்சா காப்பாத்த வழி இருக்கு. தோட்டத்துல ஏதாவது அடிச்சீங்களா?"

நர்சம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தோட்டத்துலயா? பலகையிலயே எழுதி வச்சிருக்கோமே டாக்டர்" என்றேன்.

அப்படியானால் வீட்டில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்றார் அவர். தையற்காரர் மேல் எல்லோர் கண்ணும் விழுந்தது அப்போதுதான். சாயங்காலம் வரை தங்கை உயிரோடு இருந்தாள். நான் அவள் கையை விடவே இல்லை. அழுதேன் ஐயா, அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவன் நான். மருந்தின் பெயர் அவ்வளவு நேரமும் என் நாக்கு நுனியில் இருந்தது.

நான்தான் கொன்றேன். அதில் பேச்சே இல்லை. தையற்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதினால் தோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள், அந்த ஜனங்கள் பழையபடி கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் இப்படி எழுதுங்கள். அப்பா விட்டுப்போன வீட்டுக்காக எங்களுக்குள் சண்டை, அவளை எனக்குக் கண்டாலே ஆகாது, காப்பியில் கலந்து கொடுத்தேன். கையெழுத்துப் போடுகிறேன். தூக்கே போட்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. துக்கத்துக்காக அடைத்திருந்த தோட்டத்தை இன்றுதான் திறக்கிறார்கள், சாவியை நேற்று இரவுதான் நர்சம்மாவிடம் கொடுத்தேன், அன்று ஏமாந்துபோன பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் இனி அங்கே போக முடியாதில்லையா? நான் இல்லாத நேரத்தில் புழு விழுந்து தோட்டத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று, நேற்று மாலை இன்னொரு முறை அடித்துவிட்டுத்தான் வந்தேன். இந்தத் தடவை அளவோடுதான் கலந்திருக்கிறேன்.