சுடாத நெற்றி

என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வாதத்திலிருந்து ஓய்வு பெறாத பெரியோர்களே! பெற்ற பிள்ளைகளுக்குப் பாதி வைத்தியத்தைக் கைப்பக்குவத்திலேயே முடித்துவிட்ட தாய்மார்களே! சீக்கிரம் நழுவ வசதியாகக் கதவோரம் இடம்பிடித்த நண்பர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். ‘முதியோரும் செப்சிஸும்’ என்று அழைப்பிதழில் தலைப்பு போட்டிருந்தார்கள். அதைப் படித்தே பாதிப் பேர் வீட்டில் தங்கிவிட்டதாகச் செயலாளர் வருத்தப்பட்டார். துணிந்து வந்த மீதிப் பேருக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. ஒரு பெண்மணிக்கு நடந்ததைச் சொல்லப் போகிறேன். அவரிடம் அனுமதி கேட்டேன். “தாராளமா சொல்லுங்க டாக்டர். ஆனா என்னைப் பாவமா காட்டிடாதீங்க” என்றார். அந்த நிபந்தனைக்கு நான் கட்டுப்பட்டவள்.

அவர் எழுபது தாண்டியவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு கியர் போடச் சொல்லிக்கொடுத்ததால் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டரம்மா’. கணவர் காலமான பிறகு, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தங்கையோடு ஒரே வீட்டில் வாழ்கிறார். ஒரே மகன், வேறு ஊரில் வேலை.

ஒரு நாள் காலை. சாப்பாட்டு மேசை. மாஸ்டரம்மா தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் தம்ளருக்கு வெளியே விழுந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

“அக்கா, என்ன பண்ற?”

“பிரேக்கை யாரு கழட்டினது?” என்றார் மாஸ்டரம்மா.

சிரிக்கிறீர்கள். தங்கையும் முதலில் சிரித்தார். அக்காவின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். “சுடவே இல்லையே! காய்ச்சல் ஒண்ணும் இல்ல. வயசாச்சுல்ல, தடுமாற்றம்தான். தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்றார். மகனுக்குப் போன் போட்டார் தங்கை. அவனும் அதையேதான் சொன்னான்.

“சித்தி, அம்மாவுக்கு வயசாகுதுல்ல. ஞாபகம் முன்னபின்ன இருக்கும். பயப்படாதீங்க.”

“டேய், நேத்து சாயங்காலம் வரைக்கும் ரோட்டுல தப்பாப் போனவனையெல்லாம் ஜன்னல் வழியா திட்டிட்டு இருந்தாடா. ஒரே ராத்திரியிலயா ஒருத்திக்கு வயசாகும்?”

சொல்லிவிட்டுப் போனை வைத்தார், டாக்சியை அழைத்தார், அக்காவை அழைத்துக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்.

அவையோரே! அங்கே நாங்கள் கண்டது என்ன? மூச்சு வேகமாக இருந்தது. கைகள் சில்லிட்டிருந்தன. ரத்த அழுத்தம் சரிந்திருந்தது. உடல் வெப்பம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. “வேற ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டேன். தங்கை தயங்கினார். குரலைத் தாழ்த்தி, “ரெண்டு மூணு நாளா ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னா டாக்டர். தண்ணி நிறைய குடின்னு சொன்னேன்” என்றார்.

சிறுநீர்ப் பாதையில் புகுந்த கிருமி ரத்தத்துக்குள் இறங்கியிருந்தது. அதற்கு உடம்பு கட்டுமீறிக் கொடுத்த பதில்தான் செப்சிஸ்.

முன்வரிசையில் ஒரு ஐயா கை தூக்குகிறார். என்ன ஐயா? “காய்ச்சலே இல்லாம கிருமி எப்படிம்மா?” நல்ல கேள்வி! நான் சொல்ல வந்ததே அதுதான். காய்ச்சல் என்பது கிருமி மூட்டும் தீ என்று நினைக்கிறோம். இல்லை ஐயா, அது நம் உடம்பு தானே மூட்டிக்கொள்ளும் தீ. கிருமி நுழைந்ததும் எதிர்ப்பு சக்தி சங்கூதுகிறது; உடம்பு சூடேறுகிறது. இளமையில் அந்தச் சங்கு ஊரையே எழுப்பும். முதுமையில் பல நேரம் சத்தமே வெளியே கேட்பதில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையைப் பயிற்றுவித்து அனுப்பும் பாசறை அது. வயது ஏற ஏற அது சுருங்கிப் பெரும்பகுதி கொழுப்பாகிவிடுகிறது. புதிய வீரர்களின் வரத்து குறைகிறது. பழைய வீரர்கள் மெதுவாக எழுகிறார்கள். காய்ச்சல் வராமலே போகலாம். ஆனால் குழப்பம் வரும். சோர்வு வரும். நேற்று நடந்தவர் இன்று விழுவார். நேற்று பேசியவர் இன்று உளறுவார்.

அப்படியானால் முதியவரின் உடம்பு போரிடுவதே இல்லையா? போரிடுகிறது! சில சமயம் தேவைக்கு மேல் போரிடுகிறது. கிருமியைக் குறிவைத்த அம்பு சிறுநீரகத்தில் தைக்கிறது, நுரையீரலில் தைக்கிறது, மூளையைக் கலக்குகிறது. எழுந்த சீற்றம் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. கிருமி கொல்வதைவிட, கிருமிமேல் கொண்ட கோபம் கொல்வது அதிகம். அதனால்தான் நாங்கள் ஓடுகிறோம். மாஸ்டரம்மாவுக்குச் சோதனைக்கு ரத்தம் எடுத்தோம், முடிவு வரும்வரை காத்திராமல் கிருமிக்கொல்லி மருந்தை நரம்பில் ஏற்றினோம், திரவம் ஏற்றினோம், அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த மருந்து கொடுத்தோம். சில நாளில் தெளிந்தார். “என் செருப்பு எங்கே?” என்று அதட்டினார். தங்கை வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

கதை முடிந்தது என்று கைதட்டத் தயாராகிறீர்கள். பொறுங்கள். தலைவர் அவர்களே, மணியிலிருந்து கையை எடுங்கள்!

சீறிய படை களைத்துப் படுக்கும். செப்சிஸின் மறுபக்கம் அது. முதியவர்களிடம் அந்தக் களைப்பு நெடுநாள் நீடிக்கும். அந்தச் சமயம் பார்த்து இன்னொரு கிருமி உள்ளே வரும். மாஸ்டரம்மாவுக்கும் வந்தது, நுரையீரலில். மறுபடி மூச்சுத் திணறல். மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவு. இப்போது மகன் வந்துவிட்டான். கண் சிவந்து, சட்டை கசங்கி, என் அறை வாசலில் நின்றான்.

“போதும் டாக்டர். இந்த வயசுல அம்மாவை இதுக்கு மேல ஊசியும் குழாயுமா வதைக்க வேண்டாம். நிம்மதியா விட்டுடலாம்.”

அன்பில்லாமல் சொன்னானா? இல்லை. அன்பினால்தான் சொன்னான். அந்த வேதனையை நான் அன்றாடம் பார்க்கிறேன். யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கை கேட்டார்: “இதை உங்கம்மாகிட்ட கேட்டியா?”

“அம்மா இருக்கிற நிலைமையில எப்படி சித்தி கேக்கறது?”

“வாயைத் திறந்துதான். வா.”

மூவரும் கட்டிலருகே போனோம். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. ஆனால் அன்று கண்ணில் தெளிவு இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், பிழைத்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்றேன். மகன் குனிந்து, “அம்மா, உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தா...” என்று தொடங்கினான்.

மாஸ்டரம்மா முகமூடியை விரலால் தூக்கினார். மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னார்: “ஏண்டா... நான் என்ன பழைய வண்டியா... உடைச்சு எடைக்குப் போட? வைத்தியம் பண்ணச் சொல்லு.”

அவன் அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அம்மாவின் கை அவன் தலையில் இருந்தது. நாங்கள் வைத்தியம் பண்ணினோம்.

பிழைத்தார்.

ஆனால் அதே வாரம், அடுத்த கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற தச்சர் இருந்தார். அவர் வீட்டிலும் வயதுத் தளர்ச்சி என்றுதான் நினைத்தார்கள். தாமதமாக வந்தார். எல்லாம் செய்தோம், காப்பாற்ற முடியவில்லை. வேறொரு பெரியவர், நீண்ட நோயில் நொந்தவர், “எனக்குக் குழாய் வேண்டாம்மா, வலி மட்டும் இல்லாம பாத்துக்குங்க” என்றார். அதையும் கேட்டு அப்படியே நடந்தோம். பிழைத்த கதையை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்கினால் நான் நேர்மையானவள் அல்ல.

மாஸ்டரம்மாவும் முழுதாகத் திரும்பவில்லை. தொடைச் சதை கரைந்துவிட்டது. பல மாதம் சுவரைப் பிடித்து நடந்தார். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். மருத்துவமனையில் இருந்த நாட்களில் பெரும்பகுதி அவர் நினைவிலேயே இல்லை. “அந்த நாளெல்லாம் என்கிட்ட இல்லடி, நீ சொல்லு” என்று தங்கையைக் கேட்கிறார். தங்கை சொல்ல, அக்கா மறுக்க, இருவருக்கும் தினமும் சண்டை. நான் போயிருந்தபோதும் சண்டை நடந்தது. இரண்டு குரலும் தெருமுனை வரை கேட்டன. மருத்துவராக அதைவிட இனிய சங்கீதம் நான் கேட்டதில்லை.

பெரியோர்களே! தாய்மார்களே! முதியவர் திடீரென்று மாறினால் அதை வயது என்று ஒதுக்காதீர்கள். வயது மெல்ல மெல்ல வரும்; நோய்தான் திடுமென்று வரும்! திடீர்க் குழப்பமா? வேகமான மூச்சா? குறைந்துபோன சிறுநீரா? சில்லிட்ட கையா? எழ முடியாத சோர்வா? உடனே கிளம்புங்கள். மருத்துவரிடம் துணிந்து கேளுங்கள்: “இது செப்சிஸா இருக்குமா?” கேட்பதால் எங்களுக்குக் கௌரவம் குறையாது. எரிச்சலையும் புண்ணையும் இருமலையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தடுப்பூசி போட மறக்காதீர்கள். உங்கள் விருப்பம் என்னவென்று தெளிவாக இருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். பிள்ளைகளே, முடிவெடுக்குமுன் அவர்களிடம் கேளுங்கள்! எழுபது ஆண்டு வாழ்ந்தவருக்கு எழுபத்தோராவது ஆண்டு இனாம் அல்ல. அது அவருடையது. அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு! வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கே உண்டு!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடைசிவரை மணியடிக்காத தலைவருக்கும், தண்ணீர் கொடுத்த தம்பிக்கும் என் நன்றி. கீழே இரத்த அழுத்தம் பார்க்க எங்கள் செவிலியர்கள் காத்திருக்கிறார்கள். பார்க்காமல் யாரும் போகக்கூடாது, கதவோர நண்பர்கள் உட்பட. எல்லோரும் நலமாக இருங்கள். வணக்கம்.