பேர்ணடெற்றின் சானல்

பின்னேரம் மூன்று மணி. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்குகிற ஓர் ஒழுங்கை. ஆள் இல்லை... நாய் இல்லை... தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஊரடங்கு போட்ட நாள்.

பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று நினைத்துத்தானே இப்படி ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்? இது நல்ல வெயிலில் நடந்தது. உங்களுக்குத் தெரிந்த பாமன்கடை நாகேந்திரத்தின் சொந்த மச்சாள் கனகேஸ்வரிக்கு நடந்தது.

அவள் புருசன் வரதராசா வீட்டின் பின்னறையில் ஒலிப்பதிவு செய்கிறவர். சத்தத்தை அடக்கச் சுவரெல்லாம் முட்டை மட்டைகள். யன்னலில் மெத்தை. மேசையில் குரல்களைக் கலக்கிற ஒரு சின்ன மிக்சர், மைக்குக்கு ஒரு சானலாக. கோயில் பாட்டுகள், கடை விளம்பரங்கள்... கரையோர ரயில் வந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள்.

முதலில் கனகேஸ்வரிதான் பாடினாள். பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து பேர்ணடெற் வந்தாள். ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணி மணக்கும். வாய் திறந்தால் அறையே நிறையும். மிக்சரின் முதல் சானல் அவளுடையதாயிற்று. கனகேஸ்வரி கடைசிச் சானலுக்குப் போனாள், கோரஸ் பாட. பேர்ணடெற்றின் குரலைக் கூட்ட அந்தச் சானலின் சறுக்குப் பொத்தானை வரதராசா மேலே தள்ளுவார்... மெதுவாக, நோகாமல். தன் கன்னத்தைக்கூட அவர் அப்படித் தொட்டதில்லை என்று கனகேஸ்வரிக்கு வயிறு எரியும்.

அந்த வருசம் பேர்ணடெற்றுக்குக் காய்ச்சல் வந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அதோடு முடிந்தது என்றுதான் கனகேஸ்வரி நினைத்தாள். முடியவில்லை. வரதராசா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் பாடிவைத்த கடைசிப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போகும்.

ஊரடங்கு அன்று அவர் கிராண்ட்பாஸில் கூட்டாளி தாஸிமின் வீட்டில் மாட்டிக்கொண்டார். கனகேஸ்வரி பின்னறைக்குப் போனாள். பேர்ணடெற்றின் குரல் இருந்த அதே தடத்தில் தன் குரலைப் பதிந்தால் பழையது அழிந்துவிடும். பதிகிற பொத்தானை அழுத்தினாள். தன் கடைசிச் சானலின் மைக்கை எடுத்தாள். வாத்தியம் ஓடியது. பாடினாள்.

ஹெட்ஃபோனில்... ஒரு மூச்சு. அவள் பாடுவதற்குச் சற்று முன்னால் யாரோ மூச்சு எடுக்கிறார்கள்.

மிக்சரைப் பார்த்தாள். முதல் சானலின் சத்தம் காட்டுகிற ஊசி ஆடுகிறது. சறுக்குப் பொத்தானை அடிவரைக்கும் இழுத்தாள். ஊசி நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள்... ஆடுகிறது. அறை முழுக்க ஓடிக்கொலோன்.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். அவளுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"செத்தும் விடமாட்டியோடி?"

காதுக்குள் மெல்லக் கேட்டது. "கோவிக்காதீங்க அக்கா. நீங்க பாடுங்க. நான் பின்னால பாடுறன்."

கனகேஸ்வரி பாடினாள். அவளை அமுக்கிவிட வேண்டும் என்று தொண்டை கிழியப் பாடினாள். பாட்டு முடிந்தது. ஊசி விழுந்தது.

ஊரடங்கு எடுத்ததும் வரதராசா வந்தார். நாடாவைப் போட்டார். ஒரு குரல்தான் கேட்டது, பேர்ணடெற்றினது; ஆனால் அவர் ஒருநாளும் கேட்டிராத மாதிரி, தொண்டை கிழிய. மனிசன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இதை எப்ப பாடினவள்? எனக்குத் தெரியாதே..."

"இஞ்சருங்கோ, பாடினது நான்!"

அவர் நம்பவில்லை. மைக்கை அவள் முன்னால் வைத்தார். "கதையும் பாப்பம்."

அவள் கதைத்தாள். கத்தினாள். ஒரு சானலிலும் ஊசி அசையவில்லை.

அடுத்த கிழமை லண்டனிலிருந்து தங்கச்சி சரோஜினிதேவி போன் எடுத்தாள். கனகேஸ்வரி "ஹலோ" சொன்னாள். தங்கச்சிக்குக் குரல் பிடிபடவில்லை. "ஆர் கதைக்கிறது? அக்காட்டைக் குடுங்கோ." கனகேஸ்வரி ரிசீவரை வைத்துவிட்டாள். பக்கத்தில் வரதராசா நின்றுகொண்டிருந்தார். தங்கச்சி கேட்டது அவர் காதிலும் விழுந்திருந்தது.

மறுநாள் பின்னேரம் அவர் சந்திக் கடைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தார். அதற்கடுத்த நாளும் எடுத்தார். தினமும் எடுக்கிறார்.

கனகேஸ்வரி போனைத் தூக்குவாள். வாயை மட்டும் திறக்கமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்தப் பக்கத்தில் அவர் "ஓம்... ஓமோம்... சொல்லும் பேர்ணடெற்" என்று சிரித்துச் சிரித்துக் கதைப்பது கேட்கும்.